இருட்டுப் போத்தல்

என் மகளின் பிரேதம் படலையைத் தாண்டியதும் வீட்டிலிருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றச் சொன்னவள் நான்தான். செத்தவீட்டில் அது வழமை. ஆண்கள் சுடலைக்குப் போக, பின்னால் நிற்கிற பெண்கள் வீட்டிலுள்ள தண்ணீர் முழுவதையும் கொட்டி, நிலம் கழுவி, தலை முழுகுவோம். எங்கள் சுருவில் ஊரில் குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில்தான் வரும். ஒரு செம்பு வீணாய்ப் போனாலும் நான் வீட்டை இரண்டாக்குவேன். அன்றைக்கு தண்ணீர் நிறைத்த நீலப் பரல் இரண்டும் குசினிக் குடங்களும் முற்றத்து மணலில் போயின. மண் அதைக் குடித்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் கிடந்தது.

என் கணவரின் தங்கை கோசலா உள்ளேயிருந்து வந்து கேட்டாள்.

"மச்சாள், பிள்ளையின்ர அறை யன்னலடியிலை அஞ்சு போத்தல் நிக்குது. பச்சைப் பசேலெண்டு தண்ணி. அதையும் ஊத்திறதோ?"

"எல்லாம் எண்டால் எல்லாம்தான். ஒவ்வொண்டுக்கும் என்னட்டை வந்து நிக்காதையும்," என்றேன்.

கோபமாகச் சொன்னேன். அந்த நேரம் கடவுள் வந்து கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். கோசலா போத்தல்களை இரண்டிரண்டாகக் கொண்டுபோய் வாழையடியில் கவிழ்த்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நிலக்சனாவுக்கு இருபத்துநாலு வயது. கம்பஸில் விலங்கியல், கடைசி வருடம். ஓகஸ்ட் இரண்டாம் திகதி காலை எட்டரை மணிக்குப் பண்ணைப் பாலத்தில் ஸ்கூட்டியில் போனவளை மணல் ஏற்றிய டிப்பர் அடித்தது. சோளகக் காற்று தள்ளிவிட்டது என்றார் ஒருவர். டிப்பர்க்காரன் நித்திரை என்றார் இன்னொருவர். ஒரு கிழமையாக வீட்டுக்கு வந்தவர்கள் இதைத்தான் விவாதித்தார்கள். எது சரி என்றாலும் எனக்கு ஒன்றுதான்.

அந்த ஐந்து போத்தல்களையும் அவள் யூன் மாதம் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கம்பஸில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து ஆய்வுகூடங்கள் பூட்டிக் கிடந்தன. "அங்கை விட்டால் செத்துப்போகுங்கள் அம்மா," என்று மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். கூடவே, கண்ணுக்குத் தெரியாததைப் பெரிதாய்க் காட்டுகிற பழைய நுணுக்குக்காட்டி ஒன்றும் வந்தது. அடியில் சின்னக் கண்ணாடி வைத்தது; கரண்ட் வேண்டாம், யன்னல் வெளிச்சமே போதும். பிறகு என் பால்ச்சட்டியில் வைக்கோலை அவித்து, ஆறவைத்து, அந்தத் தண்ணீரைப் போத்தல்களுக்கு விடத் தொடங்கினாள். குசினி மாட்டுக்கொட்டிலாய் மணத்தது.

"மனிசர் சாப்பிடுற சட்டியடி இது," என்று கத்துவேன்.

"அதுகளும் சாப்பிடத்தானே அம்மா."

"அதுக்குள்ளை அப்பிடி என்னத்தை வளர்க்கிறாய்?"

நான் கேட்டது ஏச்சுக்கு. அவள் அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு, அம்மிக்குப் பக்கத்தில் சம்மணம் கட்டி இருந்துவிட்டாள்.

"பரமேசியம் அம்மா. ஒரேயொரு கலம். ஆனால் வாய் இருக்கு, வயிறு மாதிரிச் சின்னச் சின்னப் பைகளும் இருக்கு. பாசியைக் கண்டால் விழுங்கும். விழுங்கினது முக்காவாசியும் சமிச்சு மண்ணிறமாப் போயிடும். ஒண்டு ரெண்டு மட்டும் சமியாது. பையிலையிருந்து கழண்டு வந்து, தோலுக்குக் கீழை போய் ஒட்டிக்கொள்ளும். அங்கை போயிட்டுதெண்டால் பிறகு அதைச் சமிக்காது. அந்த ஒண்டு பெருகி நூற்றுக்கணக்கிலை வந்து, அந்தக் கலமே பச்சையாப் போயிடும். பாசி வெளிச்சத்திலை சீனி செய்து குடுக்கும். இது அதுக்கு இருக்க இடம் குடுக்கும்."

"ஏன் அந்த ஒண்டு ரெண்டு மட்டும் தப்புது?"

"அதுதான் ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது."

"ஒண்டரை வருசமாப் படிச்சும் தெரியாதோ? நல்ல படிப்பு," என்றேன். அவள் சிரித்தாள். தேங்காய்த் துருவலில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

கம்பஸுக்குக் கொடுக்கிற ஆய்வை ஆங்கிலத்தில் எழுதுவாள். அன்றாடம் நடப்பதை ஒரு நீல மட்டைக் கொப்பியில் தமிழில் குறித்து வைப்பாள். ஒருநாள் அறை கூட்டப் போனபோது அது விரிந்து கிடந்தது. அதில் இப்படி இருந்தது: "யூலை 9. அம்மா யன்னல் சீலையை இழுத்து மூடினா. மு.ப. 10 தொடக்கம் பி.ப. 1 வரை வெளிச்சம் இல்லை."

எனக்கு வந்ததே கோபம்.

"என்ர பேரையும் இதுக்குள்ளை எழுதி வைச்சிருக்கிறாய்?"

"நடந்ததை எழுதத்தானே வேணும்."

"உன்ர சேர் வாசிச்சால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?"

"சீலை மூடுற அம்மா எண்டு நினைப்பார்," என்றாள். அன்று முழுக்க அவளோடு நான் பேசவில்லை. ஒரு முழு நாள். அந்த நாளை இப்போது யாராவது திருப்பித் தந்தால் என்ன விலையும் கொடுப்பேன்.

எட்டாம் நாள், எட்டுச் செலவுக் கிரியை முடிந்த பின்னேரம் அன்ரனிட்டா வந்தாள். நிலக்சனாவோடு ஒரே வகுப்பு. அல்லைப்பிட்டிப் பிள்ளை, தகப்பன் கடற்றொழில். அந்த ஊரில் சனத்தைச் சுட்டுக் கொன்ற இரண்டாயிரத்து ஆறில் அவளுக்கு ஐந்து வயது. அதைப் பற்றி யாராவது எடுத்தால் வேறு கதைக்குப் போய்விடுவாள், நானும் எடுப்பதில்லை. வந்தவள் கதிரையின் நுனியில் இருந்து தேத்தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

பிறகு, "அன்ரி, போத்தலுகள் எங்கை?" என்றாள்.

நான் அந்தப் போத்தல்களை நினைத்தது அந்த நிமிடம்தான். வாழையடி கண்ணில் வந்தது.

"மச்சாள் ஊத்திப்போட்டா," என்றேன். "அவவுக்கு என்ன தெரியும். செத்தவீட்டுத் தண்ணி எண்டு எல்லாத்தையும் ஊத்தினவ."

பொய் தானாகவே வந்தது. நான் தேடவில்லை. கோசலா அப்போது குசினி வாசலில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கை ஒருமுறை நின்று, பிறகு அடுக்கத் தொடங்கியது. அன்றைக்கும் பிறகும் அவள் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

அன்ரனிட்டா முகத்தைக் கைகளுக்குள் புதைத்தாள். பிறகு நிமிர்ந்து, "ஆறாவது ஒண்டு இருக்கவேணும்," என்றாள். "இருட்டுப் போத்தல். ஈயத்தாள் சுத்தினது. எங்கையாவது இருட்டிலை வைச்சிருப்பாள்."

மகளின் அலுமாரியை அதுவரை நான் திறக்கவில்லை. திறந்ததும் அவளுடைய பவுடர் மணம் வந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழ்த்தட்டில், மழைக் கோட்டுக்குப் பின்னால், ஊறுகாய்ப் போத்தல் ஒன்று இருந்தது. சுற்றிவர ஈயத்தாள், வாயில் பஞ்சு. அவளுடைய கையெழுத்தில் "இருட்டு" என்றும், போன வருடத்து ஓகஸ்ட் திகதியும்.

அன்ரனிட்டா ஈயத்தாளை உரித்தாள். கழுநீர்போல் வெள்ளைத் தண்ணீர். பச்சை என்று ஒரு துளி இல்லை.

"செத்துப்போச்சோ?" என்றேன்.

"இல்லை அன்ரி. பரமேசியம் இருக்கும். பாசிதான் இல்லை." அவள் மெதுவாகச் சொன்னாள். "இருட்டிலை பாசியாலை சீனி செய்ய ஏலாது. அப்ப இது, தன்ர தோலுக்குக் கீழை இவ்வளவு காலமும் வைச்சிருந்ததுகளை ஒவ்வொண்டாச் சமிச்சுத் தின்னத் தொடங்கும். கடைசியிலை வெள்ளையாப் போயிடும். நிலக்சனாவின்ர கேள்வி அதுதான். ஒரு வருசம் இருட்டிலை கிடந்த பிறகும் ஒண்டாவது உள்ளுக்கை மிஞ்சியிருக்குமோ? மிஞ்சியிருந்தால், வெளிச்சத்திலை வைக்க, ஒரு மாதத்திலை திரும்பப் பச்சையாகும். இல்லாட்டில் ஆகாது. மற்ற எல்லாம் எழுதி முடிச்சிட்டாள். இந்த ஒரு பக்கம்தான் பாக்கி. அதையும் சேர்த்துக் குடுத்தால் அவளின்ர பேரிலையே ஆய்வை ஏற்று, பட்டமும் குடுக்கலாம் எண்டு சேர் சொன்னவர்."

செத்த பிள்ளைக்குப் பட்டம் எதற்கு என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. பட்டத்தை விடுங்கள். அவள் ஒரு கேள்வியை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மறுமொழி இந்த ஊறுகாய்ப் போத்தலுக்குள் இருக்கிறது. மற்ற ஐந்தையும் கொட்டியது நான். இதையாவது நான் காப்பாற்ற வேண்டும். வேறொன்றும் எனக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

"அரைவாசியை நான் வீட்டை கொண்டுபோறன் அன்ரி," என்றாள் அன்ரனிட்டா. "ஒண்டுக்கு ஏதும் நடந்தாலும் மற்றது நிக்கும்."

"ஒரு சொட்டும் இந்த வீட்டை விட்டுப் போகாது."

அவள் சொன்னதுதான் புத்தி. எனக்கும் விளங்கியது. ஆனாலும் தரமாட்டேன் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுக்கொடுத்தாள். அவித்த வைக்கோல் தண்ணீரைத் தானே வந்து விடுவேன் என்றும், நான் பஞ்சைத் திறக்கவே கூடாது என்றும் இரண்டுதரம் சொன்னாள். போத்தலை யன்னலடியில் வைத்தோம். சீலையை நான் கழற்றி மடித்து வைத்தேன்.

அன்றைக்கே ஒரு துளி எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்துக் காட்டினாள். செருப்பின் அடி வடிவில் வெள்ளை வெள்ளையாய் ஓடித்திரிந்தன. முட்டினால் பின்வாங்கி, திரும்பி, வேறு பக்கம் போயின. உள்ளே தெளிவாய்த் தெரிந்தது, பச்சை இல்லை. தன்னோடு இருந்ததையெல்லாம் தின்றுவிட்டு இப்படி ஓடித்திரிகிறதே என்று எனக்கு அதன்மேல் ஆத்திரம் வந்தது.

பிள்ளை போன பதினைந்தாம் நாள் அன்ரனிட்டா மறுபடி வந்தாள். அன்று கனநேரம் பார்த்தாள். கழுத்து நோகும் என்று நான் தலையணை கொண்டுவந்து வைக்கிற அளவுக்கு நேரம்.

"ஒண்டிலை ஒரு புள்ளி," என்றாள் கடைசியில். "பச்சை மாதிரி."

"அப்ப மிஞ்சியிருக்கு."

"தெரியாது அன்ரி. ஒரு புள்ளிதான். ஓடிட்டுது. திரும்பக் காணேல்லை. அடுத்தமுறை பாப்பம்."

அன்றிரவு எட்டுச் செலவுக்குப் பிறகு முதல் தடவையாக நான் சோறு தின்றேன். அடுத்த நாள் விடிந்ததிலிருந்து போத்தலுக்கு முன்னால்தான் இருப்பு. பச்சை வருகிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்ப்பேன், வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பேன். அன்ரனிட்டா அடுத்த கிழமை வரவில்லை; தாய்க்குச் சுகமில்லை என்று கோல் எடுத்தாள். இருபதாம் நாள் வெள்ளை. இருபத்திரண்டாம் நாள் வெள்ளை. இருபத்துமூன்றாம் நாள் என் கணவர் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஐயரிடம் பேசிவிட்டு வந்து, கீரிமலைக்கு எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது என்று கேட்டார். அந்தியேட்டி முடிந்தால் எல்லோரும் தங்கள் தங்கள் பாட்டுக்குப் போய்விடுவார்கள். என் பிள்ளை இருந்ததும் முடிந்துவிடும். அந்தப் போத்தல் அதற்கு முன் பச்சையாகியே தீரவேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் ஏறிவிட்டது.

இருபத்துநாலாம் நாள் மத்தியானம் நான் ஐயனார் கோயில் கேணிக்குப் போனேன்.

சாவுத் துடக்கு வீட்டுக்காரி கோயில் மதிலைத் தாண்டக் கூடாது. முப்பத்தொன்று முடியும்வரை அந்தப் பக்கமே போகக் கூடாது. வழமை என்று வீட்டுத் தண்ணீர் முழுவதையும் கொட்டச் சொன்ன அதே மனிசிதான், பூசை முடிந்து ஆளில்லாத நேரம் பார்த்து, கேணிப் படியில் இறங்கினேன். நிலக்சனா முதன்முதலில் பரமேசியத்தை இந்தக் கேணியில்தான் எடுத்தாள் என்று எனக்குத் தெரியும். சோளகத்தில் வற்றி, அடியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கடும் பச்சை. சோடாப் போத்தல் ஒன்றில் அள்ளிச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன்.

நான் மடைச்சி இல்லை. செய்வது என்ன என்று தெரிந்துதான் செய்தேன். விழுங்குவதில் ஒன்று இரண்டு தப்பி ஒட்டிக்கொள்ளும் என்று அவள்தானே சொன்னாள். உள்ளே ஒன்றும் மிஞ்சாவிட்டால் வெளியிலிருந்து ஒன்று போய் இருக்கட்டும். மிஞ்சியிருந்தால் அதற்கும் ஒரு துணை. பஞ்சை எடுத்தேன். கேணித் தண்ணீர் அரைப் போத்தல் விட்டேன்.

இவர் அறை வாசலில் நின்றார்.

"இஞ்சருமப்பா, என்ன செய்யிறீர்?"

"சாப்பாடு குடுக்கிறன்."

அவர் ஈரமாயிருந்த என் சேலைக் கரையைப் பார்த்தார். பிறகு முன்பக்கம் போய்விட்டார்.

முப்பதாம் நாள் காலை அன்ரனிட்டா வந்தாள். யன்னலடிக்கு வந்தவள் அப்படியே நின்றாள். போத்தல் பச்சையாய் இருந்தது. ஐந்து போத்தல்களும் இருந்த அதே பச்சை.

"அன்ரி," என்றாள். என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். இந்த வீட்டில் முப்பது நாளாய் எத்தனையோ பேர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். சந்தோசத்தில் அழுதவள் இவள் மட்டும்தான். நானும் அழுதேன். என் அழுகையிலும் பாதி உண்மைதான்.

ஓடியோடித் துளி எடுத்து வைத்தாள். "எல்லாத்துக்குள்ளையும் இருக்கு," என்றாள். "தோலோடை ஒட்டி, வரிசையா. ஒரு வருசம் அன்ரி! ஒரு வருசம் இருட்டிலை." போனை நுணுக்குக்காட்டியின் வாயில் வைத்துப் படம் எடுத்தாள். எனக்கும் காட்டினாள். பச்சை மணிகள் நிரம்பிய செருப்பு வடிவங்கள். சேருக்கு அனுப்ப நம்பரைத் தேடினாள். இன்னொரு படம் எடுத்துவிட்டு அனுப்புவோம் என்று மறுபடி குனிந்தாள்.

குனிந்தவள் நிமிரவில்லை. போன் பிடித்த கை மெல்ல மேசைக்கு இறங்கியது.

"அன்ரி, இதிலை ஒரு தண்ணித் தெள்ளுப்பூச்சி ஓடுது."

நான் யன்னல் கம்பியைப் பிடித்தேன்.

"ஒரு வருசமா அவிச்ச தண்ணி மட்டும்தான் இதுக்குள்ளை போனது. தெள்ளு எங்காலை வந்தது?" அவள் இன்னும் என்னைப் பார்க்கவில்லை. "ஏதும் விட்டனீங்களோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய் எனக்குப் புதிதுமில்லை. ஆனால் அவள் அந்தக் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமலே கேட்டாள். நான் வெட்கப்படுவதைப் பார்க்கக் கூடாது என்று அப்படிக் கேட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது.

"கேணித் தண்ணி," என்றேன். "அரைப் போத்தல்."

வெளியே சோளகம் பனையோலைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. எனக்குத்தான் பொறுக்க முடியவில்லை.

"நீர்தானே பதினைஞ்சாம் நாள் ஒரு புள்ளி கண்டனீர். அப்ப நான் ஒண்டும் விடேல்லை. இது அதாயும் இருக்கலாமே."

"ஓம் அன்ரி. அதாயும் இருக்கலாம்." அவள் நிமிர்ந்தாள். "ஆனால் இனி ஒருத்தராலும் சொல்ல ஏலாது. நிலக்சனா எடுத்ததும் அந்தக் கேணியிலைதான். அங்கை இருக்கிறதும் இதே பச்சைப் பரமேசியம்தான். எது இவளின்ரை, எது நீங்கள் விட்டது எண்டு எந்த ஆய்வுகூடத்திலையும் பிரிக்க ஏலாது."

"பச்சையாகிட்டுது எண்டு எழுதும். ஆருக்குத் தெரியப்போகுது?"

கேட்டுவிட்டு நானே பயந்துபோனேன். அவள் கோபிப்பாள் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. போத்தலைப் பார்த்தாள், சீலை இல்லாத யன்னலைப் பார்த்தாள், பிறகு என்னை.

"ஆருக்கும் தெரியாதுதான்," என்றாள். "அவளின்ர கொப்பியைத் தாங்கோ. எழுதுறன்."

உண்மையாகவே எழுதத்தான் போனாள். எனக்காக. பேனையின் மூடியைக் கழற்றிவிட்டாள். அந்த இரக்கம் எனக்கு அடி விழுந்ததுபோல் இருந்தது.

நீலக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்துத் திறந்தேன். கடைசி எழுத்து ஓகஸ்ட் முதலாம் திகதி. அதற்குக் கீழே வெறும் கோடுகள். காற்றுக்குத் தாள் பின்னால் புரண்டு யூலை மாதத்தில் நின்றது. அம்மா யன்னல் சீலையை இழுத்து மூடினா. மு.ப. 10 தொடக்கம் பி.ப. 1 வரை.

மூன்று மணித்தியாலச் சீலையையே மறைக்காத பிள்ளை.

அன்ரனிட்டாவின் கையிலிருந்து பேனையை வாங்கினேன். முப்பது நாளாய் ஒன்றும் எழுதாத கை. எழுத்து கோணிக்கொண்டு போனது. அவள் எழுதுவதைப் போலவே எழுதினேன்.

"ஓகஸ்ட் 4. போத்தல் 1 தொடக்கம் 5 வரை அம்மா ஊற்றச் சொன்னா. கோசலா மாமி கேட்டவ. அம்மா எல்லாத்தையும் என்று சொன்னா."

அன்ரனிட்டா வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அடுத்த வரிக்குப் போனேன்.

"ஓகஸ்ட் 25. இருட்டுப் போத்தலுக்குள் அம்மா கேணித் தண்ணீர் விட்டா. அரைப் போத்தல். உள்ளே ஏதும் மிஞ்சியிருந்ததா என்று இனித் தெரியாது."

பேனையை வைத்தேன். அன்ரனிட்டா அந்த வரிகளையும் வாசித்தாள். பிறகு விரலால் திகதிக்குப் பக்கத்தைத் தொட்டாள்.

"நேரமும் போடவேணும் அன்ரி," என்றாள். "அவள் நேரம் போடாமல் விடமாட்டாள். எத்தினை மணிக்கு விட்டனீங்கள்?"

"மத்தியானம். ஒரு மணி இருக்கும்."

"இருக்கும் எண்டு எழுதேலாது."

நான் யோசித்துப் பார்த்தேன். கேணியடியிலிருந்து வந்து படலை திறந்தபோது வானொலியில் செய்தி தொடங்கியிருந்தது. அது பன்னிரண்டே முக்கால். போத்தலைத் திறந்தபோது மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது.

"பன்னிரண்டு ஐம்பத்தைஞ்சு," என்றேன். அதையும் எழுதினேன்.